பிரிண்டர் வாங்கும் முன் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எனக்கு வினாத்தாள், அவருக்கு ஆதார், பான், பாஸ்புக் நகல் என்று வீட்டில் காகிதம் புரளாத நாளே கிடையாது. பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றையும் செய்கிற, மையைத் தெளித்து அச்சடிக்கிற இங்க்ஜெட் மெஷின் ஒன்று இருந்தால் கடைக்கு அலைய வேண்டாமே என்றுதான் ஆரம்பித்தோம். இப்போது வீட்டில் இருப்பது மூன்றாவது மெஷின். அதை வாங்குவதற்கு முன்பே சுமார் 25,000 ரூபாய் கரைந்திருந்தது. கடைக்காரர், யூடியூப்காரர், சொந்தக்காரர் என்று ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "மாசம் எத்தனை பக்கம் அடிப்பீங்க?" வருடத்தில் எத்தனை வாரம் மெஷின் சும்மா கிடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்க்ஜெட் விஷயத்தில் அந்தக் கேள்விதான் முக்கியம் என்று நான் தெரிந்துகொண்ட கதை இது.

முதல் மெஷின் 4,800 ரூபாய். சின்ன கார்ட்ரிட்ஜ், அதாவது மை டப்பா, போடுகிற வகை. பெட்டியோடு வந்த கார்ட்ரிட்ஜில் மை குறைவாகத்தான் இருக்கும் என்பது அது தீர்ந்த பிறகே தெரிந்தது. புதிய கறுப்பு கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய், 120 பக்கம் வரும் என்று போட்டிருந்தார்கள். என் வகுப்பில் முப்பது பிள்ளைகள், ஒரு தேர்வுத்தாள் நாலு பக்கம். ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ்! பக்கத்துக்கு ஆறரை ரூபாய்க்கு மேல். தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறார்கள். கணக்கு டீச்சருக்கே இந்தக் கணக்கு மெஷின் வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பெட்டியில் போடுகிற பக்க எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் சோதனைப் பக்கங்களை விடாமல் அடித்துப் பார்த்து எடுக்கிற எண் அது. நாம் இன்றைக்கு ரெண்டு பக்கம், நாலு நாள் கழித்து அஞ்சு பக்கம் என்று அடிப்போம். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் மெஷின் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கொஞ்சம் மை எடுத்துக்கொள்ளும். ஆகவே பெட்டியில் போட்ட எண் வீட்டில் வராது.

கலர் கார்ட்ரிட்ஜ் இன்னும் மோசம். மூன்று நிறமும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். அதில் ஒன்று தீர்ந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊசி வைத்து மை ஏற்றித் தருகிற கடைக்கும் போனேன், 150 ரூபாய். சில தடவை நன்றாகவே ஓடியது, பிறகு கசிந்து விரலெல்லாம் நீலமானது. கார்ட்ரிட்ஜ் காலியானதும் அந்த மெஷின் ஸ்கேன் எடுக்கவே மறுத்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஸ்கேனுக்கும் மைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் சில மாடல்கள் அப்படித்தான் இருக்கின்றன. வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு திட்டினாலும் கார்ட்ரிட்ஜ் மெஷினை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். மலிவான மாடல்கள் பலவற்றில் மை தெளிக்கிற ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே ஒட்டியிருக்கும். ஆறு மாதம் மூலையில் கிடந்து காய்ந்துபோனால், புதிய கார்ட்ரிட்ஜ் போட்டதும் புதிய ஹெட்டும் வந்துவிடும். எப்போதாவது டிக்கெட், பிள்ளையின் ப்ராஜெக்ட், ஒரு விண்ணப்பம் என்று மாதம் இருபது பக்கம்கூட ஓட்டாத வீட்டுக்கு அதுதான் பத்திரம். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வகை மெஷினில் அவருக்கு என்ன கிடைத்துவிடும்?

அடுத்து டேங்க் பிரிண்டர். பாட்டிலில் மை வாங்கித் தொட்டியில் ஊற்றுகிற வகை. ஒரு காலத்தில் கார்ட்ரிட்ஜ் மெஷினுக்கு வெளியே நாலு டப்பாவை மாட்டி, டியூப் விட்டு, சென்னை ரிச்சி தெருவில் செய்து கொடுப்பார்கள் இல்லையா, அதே வேலையைக் கம்பெனிகளே செய்து தர ஆரம்பித்தன. எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் முதலில் இறக்கியது, சில வருடம் கழித்து மற்றவர்களும் வந்தார்கள். நான் வாங்கியது 13,500 ரூபாய். கறுப்பு மை பாட்டில் 400 ரூபாய்க்குள், 4,500 பக்கம் என்று கணக்கு. பக்கத்துக்குப் பத்து பைசாகூட ஆகாது. முதல் பாட்டிலில் ஒரு பங்கு டியூபையும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும், அதனால் முதல் தடவை எண்ணிக்கை குறையும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மை செலவு இவ்வளவு இறங்கியதும் காகிதம்தான் பெரிய செலவாக நின்றது. 500 தாள் கொண்ட 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற எடை அளவு) கட்டு 300 ரூபாயை ஒட்டி வருகிறது, ஒரு தாளுக்கு அறுபது பைசா. எங்கள் பக்கம் கரூர் டிஎன்பிஎல் காகிதம் எளிதாகக் கிடைக்கும். கரும்புச் சக்கையிலிருந்து செய்கிறார்கள். எனக்கு அது நன்றாகவே ஓடுகிறது. எந்தக் காகிதமானாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டைப் பிரித்து அப்படியே விட்டால் ஈரம் இழுத்து, இரண்டு மூன்று தாளாக உள்ளே போகும். பிரித்த கட்டை பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். பின்பக்கத் தட்டில் தாளை நிறுத்தி வைக்கிற மெஷின் என்றால் வேலை முடிந்ததும் தாளை எடுத்துவிட்டு மூடிவிடுங்கள். தூசி மட்டுமல்ல, பல்லியும் விழும். எங்கள் வீட்டில் விழுந்தது. மேற்கொண்டு விவரிக்க விரும்பவில்லை.

காகிதம்தான் செலவு என்று தெரிந்ததும் இரண்டு பக்கமும் அடிக்கலாம் என்று பார்த்தால், என் மெஷினில் தானாகத் திருப்பி அடிக்கிற வசதி கிடையாது. ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்து, கட்டைத் திருப்பி வைத்து, இரட்டைப்படைப் பக்கங்களை அடிக்க வேண்டும். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் மாறிவிடும். ரிவிஷன் டெஸ்ட் அன்று காலையில் ஒருத்தி எழுந்து, "மிஸ், எனக்கு ரெண்டாம் பக்கம் ரெண்டு வந்திருக்கு, நாலாம் பக்கம் இல்ல" என்றாள். அவளோடு இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். தானியங்கி டூப்ளெக்ஸ் உள்ள மாடலுக்கு அன்றைக்கு நாலாயிரம், ஐயாயிரம் கூட. வருடம் இருபது கட்டுக் காகிதம் ஓட்டுகிறவர்கள் அதைக் கொடுத்துவிடலாம். காகிதத்திலேயே இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும், மன உளைச்சல் தனிக் கணக்கு.

இன்னொன்று மையின் ஜாதி. தண்ணீரில் கரையும் சாய மை ஒன்று, நுண்ணிய துகளாகத் தாளின் மேலேயே தங்குகிற பிக்மென்ட் மை ஒன்று. என் டேங்க் மெஷினில் நாலுமே சாய மை. மழையில் நனைந்து வந்த பையனின் பையிலிருந்து எடுத்த வினாத்தாளில் முக்கோணவியல் பாதி ஓடிப்போயிருந்தது. வீட்டுக்காரர் கையில் வியர்வையோடு பிடித்துப் போன விண்ணப்பமும் அப்படித்தான், ஹைலைட்டர் போட்டாலும் இழுக்கும். எழுத்து வேலை அதிகம் என்றால் கறுப்பு மட்டுமாவது பிக்மென்ட்டாக இருக்கிற மாடலைப் பாருங்கள், நிறைய இருக்கின்றன. போட்டோ ஸ்டுடியோ மாதிரி பளபளப்புத் தாளில் பாஸ்போர்ட் படம் அடிக்க வேண்டும் என்றால் சாய மைதான் நல்லது. விவரத் தாளில் இது சின்ன எழுத்தில் இருக்கும், கடைப் பையனுக்குத் தெரிந்திருக்காது.

இதெல்லாம் எரிச்சல்தான். நிஜமான அடி மே மாதத்தில் விழுந்தது.

பொதுத்தேர்வு முடிந்து ஏப்ரலில் டியூஷனுக்கு விடுமுறை விட்டோம். மெஷின் மாடி அறையில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்னி நட்சத்திர வெயில் முழுவதையும் அது அங்கேயே வாங்கிக்கொண்டது. ஜூனில் பள்ளி திறந்ததும் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் குறுக்கே கோடு விழுந்து வருகிறது, சிவப்பு அறவே இல்லை. மை தெளிக்கிற துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை, உள்ளே நிற்கிற மை காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். வேலை இல்லாதபோது ஹெட் ஓரத்தில் ஒரு ரப்பர் மூடியின் மேல் போய் உட்காரும், அந்த மூடிதான் ஈரத்தைக் காக்கிறது. மெஷினின் பட்டனை அழுத்தி அணைத்தால் ஒழுங்காகப் போய் உட்காரும். சுவர் ஸ்விட்சை நடுவில் தட்டினால் ஹெட் வழியிலேயே திறந்தபடி நின்றுவிடலாம். எங்கள் வீட்டில் மாமியார் இரவு படுக்கப் போகும் முன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார். அவர் வழக்கத்தை மாற்ற முடியாது, அதனால் இப்போது நான் முந்திக்கொண்டு பட்டனை அழுத்திவிடுகிறேன்.

ஹெட் கிளீனிங் என்று மெனுவில் இருந்தது. கொடுத்தேன். சரியாகவில்லை, மறுபடி கொடுத்தேன், அதற்கடுத்த பவர் கிளீனிங்கும் கொடுத்தேன். தொட்டியில் மை கண்ணெதிரே இறங்கியது, தாளில் மட்டும் வரவில்லை. அந்த மை எங்கே போகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். மெஷினுக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு பேட் இருக்கிறது, கழிவு மை எல்லாம் அதில்தான். எவ்வளவு குடித்திருக்கும் என்று மெஷின் தானே ஒரு கணக்கு வைத்திருக்கும். எல்லையைத் தொட்டதும் விளக்குகள் மாறி மாறி மின்னும், அதோடு வேலை நிறுத்தம். என்னுடையது அங்கே வந்து நின்றது. சில மாடல்களில் இந்தப் பேடை ஒரு சின்னப் பெட்டியாக வைத்திருப்பார்கள், நாமே வாங்கி மாற்றிவிடலாம். சிலவற்றில் அடிப்பாகத்தைக் கழற்றி சர்வீஸ் ஆள்தான் மாற்ற வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால், இன்னும் ஆயிரம் சேர்த்துக் கொடுத்திருப்பேன். ஹெட் கிளீனிங்கை இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். ஒரு இரவு ஆறவிட்டு மறுநாள் பார்த்தால் சில சமயம் ஊறி இளகியிருக்கும்.

விளக்கு மின்னுகிற பதற்றத்தில் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டேன். அருமையாகப் பேசினார், நம்ம ஊர்த் தமிழ். "மேடம், உங்க ரிஜிஸ்ட்ரேஷன் எக்ஸ்பயரி ஆயிடுச்சு, 1,500 ரூபா, ஜிஎஸ்டி சேர்த்து 1,770" என்றார். 18 சதவீதம் சரியாக இருந்ததுதான் என்னை நம்ப வைத்தது. பணம் போனதும், திரையைப் பார்க்கிற ஆப் ஒன்றை போனில் போடச் சொன்னார். அந்த நேரம் என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். போனைப் பிடுங்கி, "அக்கா, கட் பண்ணு முதல்ல" என்று அணைத்தான். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் புகார் செய்தோம், புகார் எண் கிடைத்தது, பணம் இன்னும் வரவில்லை. ஆப்பைப் போட்டிருந்தால் கணக்கில் இருந்ததும் போயிருக்கும். கம்பெனியின் சரியான எண் மெஷின் வந்த பெட்டியிலும் வாரன்டி அட்டையிலும் இருக்கும். வாங்கிய அன்றே போனில் பதிந்து வையுங்கள். பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள், சர்வீசுக்குக் கொண்டுபோகவும் அது வேண்டும். கொண்டுபோகும்போது டேங்க் மெஷினைச் சாய்க்கக் கூடாது. ஆட்டோவில் மடியில் சாய்த்து வைத்துப் போனால் புடவை ஹோலி கொண்டாடிவிடும்.

தஞ்சாவூரில் சர்வீஸ் சென்டர். பில்லைக் காட்டினேன். "பில்லுல சீரியல் நம்பர் இல்லையே மேடம், இந்த மெஷின்தான்னு எப்படி எடுத்துக்கிறது?" என்றார்கள். கடைக்குப் போய் எழுதி வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு, ஹெட் அடைத்தது உபயோகத்தால் வந்தது, வாரன்டியில் வராது என்றார்கள். ஹெட் மாற்ற 5,200 ரூபாய், பேடுக்குத் தனி. வாதாடிப் பார்த்தேன், ஒரிஜினல் மை பாட்டில்களைக்கூட எடுத்துக் காட்டினேன். நடக்கவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அப்போது எனக்கு அந்தத் தெம்பு இல்லை, அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வாரன்டி அட்டையில் ஒரு வருடம் என்பதன் பக்கத்திலேயே இத்தனை ஆயிரம் பக்கம், எது முதலில் வருகிறதோ அது, என்றும் போட்டிருப்பார்கள். ஜெராக்ஸ் கடை மாதிரி ஓட்டப் போகிறவர்கள் அந்த எண்ணைப் பாருங்கள்.

கடைசியில் ஊரிலேயே ஒரு பெரியவர், பழைய டைப்ரைட்டர் மெக்கானிக், ஹெட்டில் ஊசி வைத்துக் கழுவினார். பேட் கணக்கையும் மென்பொருள் வைத்துப் பூஜ்யமாக்கினார். மொத்தம் 1,200 ரூபாய். "டீச்சர், இதுக்கு ஓட்டம்தான் வைத்தியம். சும்மா போட்டா செத்துடும்" என்றார். கொஞ்ச நாள் ஓடி, மறுபடி சிவப்பு நின்றது. உதிரிபாகத்துக்காக மெஷினை அவரே 2,000 கொடுத்து எடுத்துக்கொண்டார். இன்னொரு எச்சரிக்கை: கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டுப் பேடை மாற்றாமல் விட்டால், நிரம்பிய மை ஒருநாள் மேசையில் வழியும்.

மூன்றாவதை வாங்கும் முன் லேசர் வாங்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். லேசரில் மைக்குப் பதிலாகப் போடுகிற டோனர் என்பது பொடி, காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆறு மாதம் மூடி வைத்தாலும் முதல் பக்கமே தெளிவாக வரும். உங்களுக்குக் கறுப்பு வெள்ளை மட்டும் போதும், நடுவில் நீண்ட விடுமுறை உண்டு என்றால், மேற்கொண்டு படிக்காமல் போய் லேசரையே வாங்குங்கள். நான் வாங்காததற்குக் காரணம் இரண்டு. வரைபடத்துக்கும் வீட்டுக்காரரின் விளக்கத் தாள்களுக்கும் கலர் வேண்டும், கலர் லேசர் விலை நமக்குக் கட்டாது. அடுத்தது கரண்ட். லேசர் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும், எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. இங்க்ஜெட் அச்சடிக்கும்போதுகூட இருபது வாட்டை ஒட்டித்தான்.

ஆகவே மறுபடி டேங்க்தான், இந்த முறை இருபதாயிரத்தை ஒட்டி. பளபளப்பான விளம்பரத் தாளை ஓரம் வைத்துவிட்டு, கம்பெனித் தளத்தில் அந்த மாடலுக்கு என்னென்ன உதிரி விற்கிறார்கள் என்று பார்த்தேன். பிரிண்ட் ஹெட் தனியாக விற்பனைக்கு இருந்தால் நாமே மாற்றலாம் என்று அர்த்தம். மெயின்டெனன்ஸ் கார்ட்ரிட்ஜ் அல்லது பாக்ஸ் இருந்தால் கழிவு மைக்கும் வழி இருக்கிறது. இரண்டும் இருந்தன. கறுப்பு பிக்மென்ட், டூப்ளெக்ஸ் உண்டு, மேலே தாள்களை அடுக்கினால் ஒவ்வொன்றாக இழுத்து ஸ்கேன் செய்யும் ஏடிஎஃப் உண்டு. வீட்டுக்காரருக்கு அந்த ஏடிஎஃப் வரப்பிரசாதம். கண்ணாடி ஏ4 அளவுதான் என்பதால் லீகல் சைஸ் பத்திரத்தை வைத்தால் அடியில் சாட்சிக் கையெழுத்து விடுபடும், ஏடிஎஃப் வழியாக முழுசாக வரும். ஆனால் நைந்த பழைய பத்திரத்தை அதில் விடாதீர்கள், கிழித்துவிடும். அதற்குப் போன் கேமராதான். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பும் இந்த ஸ்கேனர்களில் மங்கலாகத்தான் வரும், கண்ணாடியில் ஒட்டியிருப்பதை மட்டுமே தெளிவாகப் பிடிக்கிற சென்சார் அது. வைஃபையில் ஒரு சின்ன விஷயம். விலை குறைந்த பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். ரௌட்டரில் அதற்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் முதல் இணைப்பின்போது பாடாய்ப் படுத்தும், தற்காலிகமாகப் பெயரைப் பிரித்துவிடுங்கள்.

கடையில் டெமோ மெஷினில் அவர்கள் வைத்திருக்கிற கிளியின் படத்தை அடித்துக் காட்டச் சொல்லாதீர்கள், அது எந்த மெஷினிலும் அழகாகத்தான் வரும். பென் டிரைவில் உங்கள் வேலையைக் கொண்டுபோங்கள். நான் ஒரு வினாத்தாளும் ஒரு ஆதார் அட்டையும் கொண்டுபோனேன். வினாத்தாளை இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லி, ஈர விரலால் ஒரு வரியைத் தேய்த்துப் பார்த்தேன். கடைப் பையன், "அக்கா, இப்படி யாரும் பண்ணதில்ல" என்றான். அட்டையின் முன்னும் பின்னும் ஒரே தாளில் வருகிற ஐடி காபி பட்டன் இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாலு முறை தேவைப்படுகிற வேலைக்கு மெனுவுக்குள் தேட முடியாது. தமிழ்க் கோப்பு என்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பு அந்தக் கடைக் கணினியில் திறந்தால் கிறுக்கலாகத்தான் வரும், பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி வாங்கினேன். ஜிஎஸ்டி எண் வைத்திருக்கிறவர்கள் அந்தப் பெயரில் வாங்கினால் 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. மெஷினை மாடியிலிருந்து கீழே கூடத்துக்கு இறக்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு நிறமும் கலந்த ஒரு பக்கம் அடிக்கிறோம், விடுமுறையிலும் விடுவதில்லை. ஊருக்குப் போனால் எதிர்வீட்டுப் பையனிடம் சாவி. அவன் அடிப்பது கிரிக்கெட் வீரர் படம், நாலு நிறமும் ஓடுகிறது, எனக்கு ஆட்சேபணை இல்லை. தொட்டியில் கீழ்க்கோட்டுக்கு வரும் முன்பே மை ஊற்றிவிடுகிறேன், காற்று புகுந்தால் மறுபடி கிளீனிங், மறுபடி பேட் என்று பழைய கதை ஆரம்பிக்கும். முப்பது பிரதிக்கு மேல் வேண்டியிருக்கிற பெரிய தேர்வுகளுக்கு இப்போதும் ஒரு நல்ல மூலப்பிரதி மட்டும் வீட்டில் அடித்து, மீதியைத் தெருமுனைக் கடையில்தான் எடுக்கிறேன். கடைக்காரர் மெஷின் நிமிடத்துக்கு அடிக்கிற வேகத்துக்கு என்னுடையது நிற்காது, டியூஷன் நேரத்தில் எனக்கு வேறு வேலையும் இருக்கிறது.